கிராமத்திற்குக் குறைந்த செலவில் விறகு

கிராமத்திலே விதைக்கும் உரத்திற்கும் கூலிக்கும் ஆகும் செலவைக் காசு பிசகாமல் சொல்லக்கூடிய குடியானவர், தம் வீட்டு அடுப்பில் ஒரு வருஷத்தில் எரியும் விறகின் செலவு என்னவென்று கேட்டால் விடை கூற இயலாமல் நிற்பார். சங்கத்தில் கடன் கேட்டு எழுதும் மனுவிலும் விறகு என்ற சொல் இடம் பெறுவதில்லை. விறகு இனாமாய்க் கிடைப்பது என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் அதற்குரிய விலை மூன்று வழிகளில் செலுத்தப்படுகிறது. வீட்டுப் பெண்கள் அரை நாள் நடந்து சுமந்து வரும் பாடு ஒன்று. வயலுக்குப் போக வேண்டிய சாணம் வறட்டியாகி அடுப்பிற்குப் போவது மற்றொன்று. தட்டுப்பட்ட நாளில் கட்டுக் கட்டாகச் சில்லறையாய் வாங்கும் விறகிற்குக் கொடுக்கும் பணம் மூன்றாவது. கடைசியாகச் சொன்னது மாத்திரமே கண்ணுக்குத் தெரிகிறது.

2016ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கும் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், கிராமங்களில் விறகின் உபயோகம் குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை. குளிக்க வெந்நீர், நெல் அவித்தல், மாட்டிற்குப் பருத்திக்கொட்டை வேகவைத்தல், கோவில் பொங்கல், கலியாணச் சமையல் ஆகியவற்றிற்கு இன்னும் விறகே எரிகிறது. உருளை தீர்ந்து, மறு உருளைக்குக் கையில் பணமில்லாத மாதக் கடைசியில் அன்றாடச் சமையலும் விறகடுப்பிற்கே திரும்புகிறது. ஆகவே விறகைச் சிக்கனமாய்ப் பெறும் வழிகள் இன்னும் ஆராயத்தக்கவையாகவே இருக்கின்றன.

விறகு வாங்குவோர் முதலாவது அறிய வேண்டிய விஷயம், பச்சை விறகை எடை போட்டு வாங்குகிறவர் பாதிக்குப் பாதி தண்ணீரை விலைக்கு வாங்குகிறார் என்பது. அன்று வெட்டிய மரத்தில் எடையில் ஏறக்குறைய பாதி நீர். மரத்திற்கு மரம் இது சிறிது கூடும் குறையும். எனினும் கணக்கிற்குப் பாதி என்றே வைத்துக்கொள்ளலாம். 100 கிலோ பச்சை விறகில் உண்மையான மரம் 50 கிலோ. மீதி 50 கிலோ நீர். அதே விறகு வெயிலிலும் காற்றிலும் நன்றாய் உலர்ந்து, எடையில் ஐந்தில் ஒரு பங்கு மாத்திரம் நீர் எஞ்சும் நிலையை அடையும்போது, அதன் எடை 62½ கிலோவாக இறங்கிவிடும். மரம் எதுவும் குறையவில்லை. 37½ கிலோ நீர் ஆவியாய்ப் போயிற்று.

இந்த நீர் எடையை மாத்திரம் கூட்டுவதன்று. அடுப்பில் வைத்த பிறகு, அந்த நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்குவதற்கே விறகு தன் சூட்டில் ஒரு பகுதியைச் செலவிட வேண்டியிருக்கிறது. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான உஷ்ணத்தை ஒரு கிலோகலோரி என்பர். ஈரம் முழுவதும் நீங்கிய ஒரு கிலோ மரம் சுமார் 4,500 கிலோகலோரி உஷ்ணம் தரும். ஒரு கிலோ நீரை ஆவியாக்குவதற்குச் சுமார் 600 கிலோகலோரி வேண்டும். இக்கணக்கின்படி ஒரு கிலோ பச்சை விறகிலிருந்து அடுப்பிற்குக் கிடைப்பது 1,950 கிலோகலோரி. ஒரு கிலோ உலர்ந்த விறகிலிருந்து கிடைப்பது 3,480. எனவே பச்சை விறகின் விலை கிலோவுக்கு 4 ரூபாயாக இருக்குமிடத்தில், நன்றாய் உலர்ந்த விறகை 7 ரூபாய் கொடுத்து வாங்கினாலும் நஷ்டமில்லை. இது காகிதக் கணக்கு. நடைமுறையில் வித்தியாசம் இதற்கும் மேற்பட்டது. ஈர விறகு சரியாய்ப் பற்றாமல் புகைகிறது. புகையாய்ப் போவது எரியாமற் போன விறகே. ஊதுகுழலுடன் அடுப்பின் முன் குனிந்திருப்பவரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது செய்யும் தீங்கு வேறு. வீடுகளுக்குள் எழும் அடுப்புப் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

இதிலிருந்து வாங்குவோருக்கு ஒரு முறை கிடைக்கிறது. பச்சை விறகை எடையில் வாங்காமல் அடுக்கின் அளவில் வாங்க வேண்டும். உலர்ந்த விறகை எடையில் வாங்கலாம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமாக அடுக்கிய விறகு, ஈரமாயிருந்தாலும் உலர்ந்திருந்தாலும் ஏறக்குறைய அதே இடத்தைத்தான் அடைத்துக்கொள்ளும். நீருக்கு விலை கொடுக்க நேராது. ஆனால் அடுக்கிலும் ஏமாற்றத்திற்கு இடமுண்டு. நேரான கட்டைகளை நெருக்கி அடுக்கினால் அடுக்கில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடமாயிருக்கும். சீமைக்கருவேல் போன்ற கோணல் கட்டைகளானால் பாதியே வெற்றிடமாகிவிடக்கூடும். விற்பவன் அடுக்குவதை வாங்குகிறவர் அருகில் நின்று பார்ப்பது உத்தமம்.

உலர்த்துவதற்குச் செலவு கிடையாது. காலம் மாத்திரமே வேண்டும். வடகிழக்குப் பருவ மழை ஓய்ந்து, தை மாசியில் வெட்டிய மரத்தைப் பிளந்து அடுக்கினால், சித்திரை வைகாசி வெயில் முழுவதும் அதற்குக் கிடைக்கும். பட்டை நீரை வெளிவிடாது; ஆகையால் உருட்டுக் கட்டையாகவே போட்டு வைப்பதைவிடப் பிளந்து போடுவது பல மடங்கு விரைவில் உலர்த்தும். பச்சையாயிருக்கும்போது பிளப்பதே அநேக மரங்களில் எளிதுமாகும். தரையின்மேல் நேரே அடுக்கினால் அடி வரிசை ஈரம் வாங்கிக் கறையானுக்கு இரையாகும்; நான்கு கற்களின்மேல் இரண்டு பனஞ்சட்டங்களைக் கிடத்தி அவற்றின்மேல் அடுக்க வேண்டும். பக்கங்களில் காற்றுப் புக வேண்டும். மேற்புறம் மாத்திரம் தென்னங்கீற்றோ தகரமோ மூடினால் போதும். ஐப்பசி மழைக்கு முன்பாக அடுக்கு கூரையின்கீழ் வந்துவிட வேண்டும். விறகு உலர்ந்துவிட்டதா என்பதை அறிய, கட்டையின் நுனியில் வெடிப்புத் தோன்றுவதும், இரண்டு கட்டைகளை மோதினால் கணீரென்று ஒலிப்பதும், பட்டை தானே கழன்று வருவதும் அடையாளங்களாம். ஐயமறத் தெரிய வேண்டுமானால், ஒரு கட்டைக்குச் சுண்ணாம்புக் குறியிட்டு வாரம் ஒரு முறை நிறுத்துப் பார்க்கலாம். எடை இறங்குவது நின்றுவிட்டால் விறகு எரிக்கத் தயார்.

இனி, விறகு எங்கே கிடைக்கும் என்ற கேள்வி. பெரும்பாலோர் காட்டை நினைக்கின்றனர். வீட்டிற்கும் வயலுக்கும் இடையில் கிடப்பதை நினைப்பவர் குறைவு.

பருத்தி விளையும் கரிசல் பூமியில் ஒரு ஏக்கரிலிருந்து அரை டன் முதல் ஒரு டன் வரை பருத்திமார் கிடைக்கும். நாளொன்றுக்கு 5 கிலோ எரிக்கும் குடும்பத்திற்கு அது மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை போதுமானது. ஆனால் பருத்திமாரைக் காய்களுடன் வீட்டின் பக்கத்தில் போர் போட்டு வைப்பது ஆபத்து. வெடிக்காத காய்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கியிருந்து மறு சாகுபடியைத் தாக்கும். செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டுமென்று 1919ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பூச்சி நோய்ச் சட்டத்தின்கீழ் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் உத்தரவு பிறப்பிக்கப்பட்டதும் இதுபோன்ற காரணங்களினாலேயே. காய்களைத் தட்டி எரித்துவிட்டு மாரை மட்டும் சேமிப்பது நல்லது. துவரைமார் இதைவிட மேலானது. சீக்கிரம் பற்றி, சாம்பல் குறைவாய் எரியும்.

தென்னை ஒன்று வருஷத்திற்குச் சுமார் 12 மட்டைகளை உதிர்க்கிறது. இருபது மரம் வைத்திருப்பவருக்கு 240 மட்டை. அவற்றுடன் பாளை, பன்னாடை, தேங்காய் மட்டை, சிரட்டை ஆகியவை. பனை நிற்கும் ஊர்களில் பனமட்டைக்குக் குறைவில்லை. தோப்பில் தீ மூட்டி இவற்றைக் கும்பலாய்க் கொளுத்துவோர், மறுநாள் விறகுத் தொட்டியில் நிற்பதையும் காணலாம். கடலைத்தோல், நெல் உமி, மரத்தூள் ஆகியவற்றைச் சாதாரண அடுப்பில் எரிக்க முடியாது. அவற்றிற்கென்று ஓர் எளிய அடுப்பு உண்டு. பழைய எண்ணெய்த் தகரம் ஒன்றின் அடிப்பக்கத்தில் ஒரு துவாரம் செய்து, நடுவில் ஒரு வழவழப்பான கட்டையை நிறுத்தி, அடித்துவாரத்தில் மற்றொரு கட்டையைச் செருகி, இரண்டையும் சுற்றி உலர்ந்த மரத்தூளை இறுகத் திணிக்க வேண்டும். பின்பு கட்டைகளை மெதுவாக உருவிவிட்டால் புகைபோக்கி போன்ற வழி உண்டாகும். கீழே தீக்கொளுத்தினால் உட்சுவர் சிறுகச் சிறுக எரிந்து சில மணி நேரம் வரை சூடு தரும். மர வாடிகளிலும் மரம் அறுக்கும் மில்களிலும் மரத்தூளும் வெளிப்பட்டைப் பலகைகளும் சொற்ப விலைக்குக் கிடைக்கும். வர்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, மருந்தேற்றிய கம்பம் ஆகியவற்றை மாத்திரம் அடுப்பில் இடலாகாது. அரளிக் கட்டையும் அவ்வாறே விலக்கத்தக்கது; அதன் புகையும் நஞ்சு.

சீமைக்கருவேலைக் குறித்துத் தனியே சொல்ல வேண்டும். மத்திய அமெரிக்காவையும் அதனை அடுத்த நாடுகளையும் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் விதையைச் சென்னை மாகாண வன இலாகா 1877ஆம் ஆண்டையொட்டித் தருவித்துக் கடப்பை ஜில்லாவில் கமலாபுரத்தில் பயிரிட்டது. விறகுப் பஞ்சத்தைத் தீர்ப்பதே அதன் நோக்கம். அந்நோக்கம் வேண்டியதற்கும் மேலாகவே நிறைவேறியது என்று சொல்லலாம். இன்று இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கண்மாய், வாய்க்கால், தரிசு என்ற பேதமின்றி அது பரவி, தண்ணீர் போகும் வழியையும் அடைத்து நிற்கிறது. இதனை வெறுப்போர் அநேகர். இதனாலேயே அடுப்பெரிப்போர் அவர்களைவிட அதிகம். விறகாகப் பார்க்கையில் இதற்கு ஈடானவை சிலவே. கட்டை கனமானது, நின்று எரியும், அரை ஈரத்திலும் ஓரளவு எரியும். அடியோடு வெட்டினாலும் தழைத்து மூன்று நான்கு வருஷங்களில் மீண்டும் வெட்டுக்கு வரும். இந்தக் குணமே கண்மாயைச் சுத்தம் செய்ய விரும்புவோருக்குத் தொல்லை. விறகு வேண்டுவோர் தரைக்கு மேல் வெட்டலாம். நீர்நிலையை மீட்க வேண்டுவோர் வேருடன் தூரைப் பெயர்க்க வேண்டும். தூரும் நல்ல விறகே. முள் தைத்த காயம் சீழ்வைத்து நாட்கணக்கில் வேலையைக் கெடுக்கும். கனத்த செருப்பின்றி இவ்வேலையில் இறங்கலாகாது.

சீமைக்கருவேலைக் கரியாகச் சுட்டு விற்பது அம்மாவட்டங்களில் பெருந்தொழில். விற்பனைக்கு அது தகும். தூரத்துப் பட்டணங்களுக்கு அனுப்பக் கரி இலகுவானது. சொந்த அடுப்பிற்காகக் கரி சுடுவது மாத்திரம் வீண். மண்மூட்டத்தில் 100 கிலோ விறகிலிருந்து 20 முதல் 25 கிலோ கரிதான் தேறும். விறகிலிருந்த உஷ்ணத்தில் பாதிக்கு மேல் மூட்டத்திலேயே போய்விடுகிறது.

சாணத்தைப் பற்றிய பழைய வழக்கிற்கு வருவோம். இங்கிலாந்தின் ராயல் விவசாய சங்கத்தின் ரசாயன நிபுணரான டாக்டர் வோல்க்கர் 1889ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவிற்கு வந்து, ஓராண்டிற்கு மேல் சுற்றிப் பார்த்து, 1893ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார். குடியானவன் சாணத்தை எரிப்பது அறியாமையினாலன்று, வேறு விறகில்லாமையினாலேயே என்பது அவ்வறிக்கையின் முக்கியமான முடிவு. ஊருக்கு ஊர் விறகுக்கும் தீவனத்திற்கும் சிறு காடுகளை வளர்த்தால் சாணம் தானே வயலுக்குத் திரும்பும் என்று அவர் எழுதினார். வறட்டி தட்டுவோரைக் கடிந்துகொள்ளும் பிரசங்கிகள் பலர் இதனைக் கவனிப்பதில்லை.

எரிப்பதனால் நேரும் நஷ்டம் எவ்வளவு? ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் இடுகிறது. உலர்ந்தால் 2 கிலோ. வருஷத்தில் 700 கிலோ வறட்டி. அதில் தழைச்சத்து எட்டிலிருந்து பத்துக் கிலோ. எரித்தால் அது முழுவதும் காற்றில் போய், சாம்பலில் சாம்பற்சத்தும் மணிச்சத்தும் மாத்திரம் மிஞ்சும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் தழைச்சத்து 20 கிலோவிற்குச் சற்று மேல் இருப்பதால், நஷ்டம் அரை மூட்டை யூரியா என்று ஆகிறது. சர்க்கார் மானியத்தில் யூரியா விற்கும் இக்காலத்தில் இது பெரிய தொகையன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மண்ணை நெகிழச் செய்து ஈரத்தைப் பிடித்து நிறுத்தும் மக்கு எந்த மூட்டையிலும் கிடைப்பதில்லை. நான்கைந்து மாடுகள் உள்ள வீட்டில் சாண எரிவாயுக் கலம் அமைத்தால் வழக்கே தீர்ந்துவிடும். நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் இட்டால் சுமார் 2 கன மீட்டர் வாயு கிடைத்து ஒரு குடும்பத்தின் சமையல் நடக்கும். கழிவில் தழைச்சத்து அப்படியே தங்கி வயலுக்குப் போகும். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு இது உதவாது. அவருக்கு வரப்பில் கிளைரிசிடியா நடுவதே ஏற்றது. மழைக்காலத்தில் போத்துகளை நட்டு, வேர்பிடித்து வளர்ந்த பின் ஒரு மீட்டர் உயரத்தில் வருஷத்திற்கு இரண்டு முறை கழித்துவந்தால், தழை வயலுக்கு உரம், குச்சி அடுப்பிற்கு விறகு.

காட்டு விறகைப் பொறுத்தவரை, 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம் இன்னும் அமுலில் இருப்பதை மறக்கலாகாது. ரிசர்வ் காட்டிலிருந்து அனுமதியின்றி எடுப்பது குற்றம். சாலையோரப் புளியின் ஒடிந்த கிளைக்கும் உடையவர் உண்டு. ஊராட்சியையோ நெடுஞ்சாலை இலாகாவையோ கேட்டே எடுக்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

இதுவரை கூறியவை தனிக்குடும்பம் செய்யக்கூடியவை. தனிக்குடும்பத்தால் ஆகாத ஒன்று, ஏரி மரத்தின் ஏலம். இந்த இடத்திலேதான் சங்கத்திற்கு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏரி உட்பகுதிகளில் கருவேல் வளர்க்கும் வேலை பல ஆண்டுகளாய் நடந்து வந்து, 1981ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேச உதவியுடன் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் மிகவும் விரிந்தது. மரம் முற்றியதும் ஏலம் கூறப்படும். டேவணித் தொகை கட்டி, முழுப் பணத்தையும் குறித்த நாளில் செலுத்தி, குறித்த கெடுவுக்குள் வெட்டி அப்புறப்படுத்தும் சக்தி சில்லறைக் குடியானவருக்குக் கிடையாது. ஆகவே வெளியூர்க் கண்டிராக்டர் எடுக்கிறார். லாரிகளில் ஏற்றிப் பட்டணத்திற்கு அனுப்புகிறார். தங்கள் ஏரியில், தங்கள் மாடுகளை மேய விடாமல் காத்து வளர்ந்த மரத்தையே, அவ்வூரார் வழியில் நிறுத்திப் பச்சைக் கட்டாய் எடை போட்டு வாங்குகின்றனர்.

1904ஆம் ஆண்டில் திருவள்ளூருக்கு அடுத்த திரூரில் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியபோது கடன் கொடுப்பதே அதன் வேலையாயிருந்தது. பின்னர் உரம், விதை, பங்கீட்டுப் பொருள் யாவும் சங்கங்களின் கைக்கு வந்தன. விறகு ஏலத்தையும் ஏற்பதானால், முதலில் சங்கத்தின் துணைவிதிகள் அதற்கு இடங்கொடுக்கின்றனவா என்று பார்த்து, இல்லையேல் பொதுச்சபையில் திருத்தம் நிறைவேற்றிப் பதிவுக்கு அனுப்ப வேண்டும். இதற்குச் சில மாதங்கள் செல்லக்கூடுமாகையால், ஏல அறிவிப்பு வந்த பிறகு தொடங்குவது பயனற்றது. அடுத்த வேலை, ஏலத்திற்கு முன்பே மரங்களை மதிப்பிடுதல். பத்து மரங்களுக்கு ஒன்றாக மார்பளவு உயரத்தில் சுற்றளவை எடுத்து, மரம் வெட்டிப் பழகிய இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியே மதிப்புக் கேட்டால், கேட்கத்தக்க உச்சத் தொகை தெரியவரும். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்பதில்லை என்று நிர்வாகக் குழு முன்னதாகவே தீர்மானம் எழுதி வைக்க வேண்டும். ஏலக் களத்தின் வேகத்தில் அறிவாளிகளும் அளவு மீறுவதுண்டு.

பங்கு பிரிப்பதிலேதான் மனஸ்தாபம் வரும். விறகு விரும்பும் அங்கத்தினர் ஏலத்திற்கு முன்பே தம் பங்கிற்கு முன்பணம் கட்டியிருக்க வேண்டும். வெட்டியவுடன் கட்டைகளை ஒரே நீளமாக அறுத்து, ஒரு கன மீட்டர் அடுக்குகளாக அடுக்கி, எண் இட்டு, திருவுளச்சீட்டுப் போட்டுக் கொடுத்தால் நல்ல அடுக்கு யாருக்கு என்ற சண்டை எழாது. நேரான தடிக்கட்டைகளைத் தனியே பிரித்து மர வியாபாரிக்கு விற்றால், பல இடங்களில் ஏலத்தொகையில் ஒரு பகுதி அதிலேயே திரும்பிவிடும். சுள்ளியும் முட்கிளையும் அடுக்கில் சேராதவை. அவற்றை நிலமற்ற குடும்பங்கள் கெடு நாளுக்குள் இனாமாய் எடுத்துக்கொள்ளலாம் என்று தண்டோராப் போட்டுவிட்டால், ஏரியும் சுத்தமாகும். அப்புறப்படுத்தும் கூலியும் சங்கத்திற்கு மிச்சம்.